வாயு என்று சொல்லி விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் இதயத்துக்கு நல்ல உணவுகள் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒலிவ் எண்ணெய், வால்நட், ஓட்ஸ், சால்மன் மீன் என்று போகிறது அது. இலங்கை மலையகத்தில் எங்கள் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடையில் போய் ஒலிவ் எண்ணெய் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். சரி, அது போகட்டும், என் மனக்குறை அதுவல்ல. அவ்வளவு பெரிய பக்கத்தில் இந்த இதயம் எப்படி வேலை செய்கிறது, உடம்பு முழுக்க இரத்தம் அனுப்புகிற அந்தத் தசைக்கு யார் இரத்தம் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மலையகத்தில் ஆட்கள் பலர் பிழைக்க வேண்டிய வயதில் போய்ச் சேருவதற்கு இந்த ஒரு வரி தெரியாமல் இருப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம், அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

எங்கள் பக்கம் நெஞ்சு வலித்தால் முதலில் வருகிற பேச்சு ஒன்றுதான். "வாயுதான், இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ குடிச்சா சரியாயிரும்." இதைச் சொல்கிறவர்கள் மடையர்கள் இல்லை. பத்தில் பல தடவை அது உண்மையிலேயே வாயுவாகத்தான் இருக்கும், ஏப்பம் விட்டதும் போய்விடும். மிச்சத் தடவைகளில் மாரடைப்பாக இருந்துவிடுவதுதான் பிரச்சினை. ராத்திரி பத்து மணிக்கு வலி ஆரம்பித்து, இஞ்சித் தேத்தண்ணி, அப்புறம் ஓமத்தண்ணி, அப்புறம் நெஞ்சில் தைலம், அப்புறம் "விடியட்டும், காலையில் டிஸ்பென்சரிக்குப் போவோம்" என்று பேசி முடிக்கிறபோது, இதயத் தசையில் பெரிய பகுதி செத்திருக்கும்.

விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதயம் அவரவர் கைமுஷ்டி அளவு, நிறை ஏறத்தாழ 300 கிராம். படங்களில் போடுகிற மாதிரி முழுக்க இடது பக்கத்தில் இல்லை, நெஞ்செலும்புக்குப் பின்னால் நடுவில், நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற பிரிமென்றகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடைசி விடயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வாயுக் கதைக்கு அது வேண்டும்.

அது ஒரு பம்ப் இல்லை, ஒட்டிப் பிறந்த இரண்டு பம்ப். வலப்பக்கம் உடம்பிலிருந்து திரும்பி வருகிற, ஒட்சிசன் குறைந்த இரத்தத்தை வாங்கிப் பக்கத்திலேயே இருக்கிற சுவாசப்பைக்குத் தள்ளுகிறது. இடப்பக்கம் சுவாசப்பையிலிருந்து வருகிற நல்ல இரத்தத்தை வாங்கி உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு சோணையறை, கீழே ஒரு இதயவறை. கிட்டத்தில் இருக்கிற சுவாசப்பைக்கு அனுப்ப அதிக அமுக்கம் தேவையில்லை, அதனால் வல இதயவறையின் சுவர் மெல்லியது. இட இதயவறையின் சுவர் அதைப்போல மூன்று மடங்கு தடிப்பு. அறைக்கு அறை நடுவிலும், வெளியே போகிற பெருங்குழாய்களின் வாயிலிலும் வால்வுகள் இருக்கின்றன, இரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. டொக்டர் குழல் வைத்துக் கேட்கிற லப்-டப் சத்தம் இந்த வால்வுகள் மூடுகிற சத்தம்தான். துடிக்கச் சொல்லி மூளை கட்டளை போடவேண்டிய அவசியமும் இல்லை. வல சோணையறையின் சுவரில் இருக்கிற சின்னக் கணு ஒன்று தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. கூட்டு, குறை என்று மட்டும்தான் நரம்புகள் சொல்லும்.

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 4.9 லீற்றர் வரும். வளர்ந்த ஆளின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமே அவ்வளவுதான், ஐந்து லீற்றர் பக்கம். ஆக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நிமிடத்துக்கு ஒரு தடவை முழு இரத்தமும் இதயத்தைக் கடந்து போய்வருகிறது. இந்த மாதிரிக் கணக்கைத்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் போட்டார். அதற்கு முன் ஆயிரத்துச் சொச்சம் வருடமாக, ஈரலில் இரத்தம் புதிதாக உண்டாகிறது, உடம்பு அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்று ஐரோப்பாவில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளுகிற இரத்தம் உடம்பில் இருக்கிற மொத்தத்தையும் விட அதிகம் வருகிறதே, அவ்வளவு இரத்தம் உண்டாக ஒருவன் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்டு, போன இரத்தமே சுற்றித் திரும்புகிறது என்று 1628ல் எழுதினார். இரத்தத்தை வெளியே கொண்டுபோகிற நாடியிலிருந்து திருப்பிக் கொண்டுவருகிற நாளத்துக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1661ல் மல்பீகி என்ற இத்தாலியர் நுணுக்குக்காட்டியில் தவளையின் சுவாசப்பையைப் பார்த்துத்தான் இரண்டையும் இணைக்கிற மயிர்த்துளைக்குழாய்களைக் கண்டார். செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஒடுக்கமானவை அவை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும், "டீச்சர், இதயத்துக்குள்ள முழுக்க இரத்தம்தானே இருக்கு, பிறகு எப்படி இதயத்துக்கு இரத்தம் போகாம நிக்கும்?" இதைவிட நல்ல கேள்வி அந்தப் பாடத்தில் கிடையாது. இதயம் தன் அறைகளுக்குள் ஓடுகிற இரத்தத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது, உட்புறத்தில் ஒரு மெல்லிய படலத்துக்கு மட்டுமே அது எட்டும். சுவர் அவ்வளவு தடிப்பு. அதற்கென்று தனியாக இரண்டு நாடிகள் இருக்கின்றன. இட இதயவறையிலிருந்து பெருநாடி புறப்படுகிற இடத்தில், வால்வைத் தாண்டிய உடனேயே, அவை பிரிகின்றன. முடியுரு நாடிகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், ஒரு கிரீடம் மாதிரி இதயத்தைச் சுற்றி வெளிப்புறமாக ஓடுவதால் அந்தப் பெயர். சில மில்லிமீற்றர் அகலம்தான். அவற்றிலிருந்து கிளைகள் பிரிந்து தசைக்குள் இறங்குகின்றன.

உடம்பு நிறையில் இதயம் ஏறத்தாழ 200ல் ஒரு பங்கு. ஆனால் தான் தள்ளுகிற இரத்தத்தில் 20ல் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட கால் லீற்றர். அதோடு, உடம்பின் மற்றத் தசைகள் ஓய்வாக இருக்கும்போது வருகிற ஒட்சிசனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இதயம் ஓய்விலேயே முக்கால்வாசிக்கு நெருக்கமாக எடுத்துவிடுகிறது. அவசரத்துக்குக் கூட எடுக்க மிச்சமே இருக்காது. வேலை கூடினால் அதற்குத் தெரிந்த ஒரே வழி, அந்த இரண்டு நாடிகளிலும் அதிக இரத்தம் ஓட வேண்டும் என்பதுதான்.

அதிலும் ஒரு சிக்கல். இட இதயவறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடுகிற சிறு குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. ஆகவே அந்தத் தசைக்குப் பெரும்பாலும் இரத்தம் போவது இதயம் சுருங்கி முடித்து ஓய்கிற நேரத்தில். இப்போது நம் ஆட்கள் செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். கொழுந்துப் பொதியோடு மேட்டில் ஏறுகிறார்கள், இல்லை கடைக்குப் போய் அரிசியும் மாவும் சுமந்துகொண்டு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏறுகிறார்கள். துடிப்பு கூடுகிறது. துடிப்பு கூடினால் இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கிற ஓய்வு நேரம்தான் அதிகம் சுருங்கும். தேவை கூடுகிற அதே நேரத்தில் இரத்தம் வாங்குகிற நேரம் குறைகிறது. நாடி நன்றாக இருந்தால் விரிந்து சமாளித்துவிடும். உள்ளே பாதிக்கு மேல் ஒடுங்கியிருந்தால் சமாளிக்காது, நெஞ்சில் ஒரு இறுக்கம் வரும், பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி. கொஞ்சம் நின்றால் துடிப்பு குறையும், இறுக்கமும் விட்டுவிடும்.

இதுதான் இதயம் கொடுக்கிற முன்னறிவித்தல். சமதரையில் வாழ்கிறவர்களுக்கு இது தெரியவர மாதக்கணக்காகலாம், நமக்கு ஒவ்வொரு நாளும் மலையே பரிசோதனை செய்து காட்டுகிறது. நாமோ "வயசாச்சு, மேடு ஏற முடியல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுகிறோம். போன வருடம் நிற்காமல் ஏறிய படியில் இந்த வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அது கிளினிக்குக்குப் போக வேண்டிய காரணம். உயரமும் இதில் சேரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், மூச்சுக்கு வருகிற ஒட்சிசனும் அதே அளவில் குறையும். அங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு பழகிவிடும். கொழும்பிலிருந்து சிவனொளிபாதமலை ஏற வருகிற, ஏற்கனவே நெஞ்சு வலி இருக்கிற உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அடைப்பு என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது பீலித் தண்ணீர்க் குழாய். மலையிலிருந்து வருகிற குழாயில் மண்ணும் இலையும் சேர்ந்து சேர்ந்து கடைசியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறோம், இதயமும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். நாடியில் அப்படி நடப்பதில்லை. கொழுப்பு குழாயின் உள்ளே படிவதில்லை, சுவருக்குள்ளேயே சேர்கிறது, அதன்மேல் ஒரு மூடி போட்ட மாதிரி இழையம் வளர்கிறது. வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அந்த மூடி கிழியும். கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்து இரத்தம் அங்கே உறைய ஆரம்பிக்கும், அந்தக் கட்டி சில நிமிடத்தில் குழாயை முழுக்க அடைத்துவிடும். அதனால்தான் நேற்று வரை நன்றாக மலையில் வேலை செய்த மனிதர் இன்று விழுகிறார். பாதிகூட ஒடுங்காத நாடியிலும் இது நடக்கலாம். புகை பிடிக்கிறது, பிரஷர், சீனி வியாதி, கொலஸ்ட்ரோல் எல்லாம் அந்தச் சுவரைக் கெடுக்கிற சாமான்கள். விறகடுப்புப் புகையும் அந்த வரிசையில் வருகிறது, லயத்துக் குசினியில் அதைச் சுவாசிப்பது பெரும்பாலும் பெண்கள்.

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது நம்மைக் காப்பாற்றுகிற வேலைதான். மழைக்காலத்தில் அட்டை கடித்தால் அது விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசிகிறதே, அட்டையின் எச்சிலில் உறைதலைத் தடுக்கிற பொருள் இருப்பதால்தான். அந்த உறைதல் முடியுரு நாடிக்குள் நடந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இப்போது வாயு. இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகிற நரம்புகள் முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாணுக்குள் நுழைகிற மட்டத்தில்தான் இடது கையின் உட்புறத்திலிருந்தும் நெஞ்சுத் தோலிலிருந்தும் வருகிற நரம்புகளும் நுழைகின்றன. எங்கிருந்து வலி வருகிறது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடியாது. அதனால் கை வலிக்கும், தோள் வலிக்கும், சிலருக்குத் தாடை வலித்துப் பல்வலி என்று நினைப்பார்கள். இதயத்தின் அடிச்சுவர் பிரிமென்றகட்டின் மேல் இருக்கிறது என்றேன் அல்லவா, அந்தச் சுவருக்குப் போகிற நாடி அடைத்தால் மேல்வயிற்றில் வலி வரும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பமும் வரலாம். அசல் வாயு மாதிரியே இருக்கும். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, ஈ.சீ.ஜி. எடுக்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் வலியோடு குளிர்ந்த வியர்வை கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, பதினைந்து இருபது நிமிடமாகியும் விடவில்லை என்றாலோ இஞ்சியைத் தேடாதீர்கள். பெண்களுக்குப் பல சமயம் நெஞ்சு வலியே பெரிதாகத் தெரியாது, சொல்ல முடியாத களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரும். சீனி வியாதி நீண்டகாலமாக இருப்பவர்களுக்கு நரம்பு கெட்டுப்போய் வலியே இல்லாமலும் வரும்.

முழுக்க அடைத்த நாடிக்குப் பின்னால் இருக்கிற தசை அரை மணி நேரத்துக்குள் சாக ஆரம்பிக்கிறது, அடுத்தடுத்த மணிகளில் அது உள்ளிருந்து வெளியே பரவுகிறது. செத்த தசை மறுபடி வளராது, தழும்பாகத்தான் ஆறும். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது, வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாய் விட்டு பலூன் வைத்துத் திறக்கவும் செய்வார்கள். இரண்டுக்கும் முதல் சில மணித்தியாலங்களில்தான் முழுப் பலன், நேரம் போகப் போகக் குறையும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும், வழியிலேயே ஒட்சிசனும் கொடுப்பார்கள். இதைத் தெரியாத லயங்கள் இன்னும் இருக்கின்றன.

அம்பியூலன்ஸ் லயத்து வாசலுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். ரோட்டில் நிற்கும், நாம்தான் ஏறிப் போக வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் நல்ல மனதோடு பெரிய கெடுதல் செய்கிறார்கள். "மெதுவா நடங்க மாமா, கையைப் பிடிச்சுக்கங்க" என்று நோயாளியை நடத்தி மேட்டில் ஏற்றுகிறார்கள். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஏற்கனவே ஒரு பக்கம் இரத்தம் நின்றுபோன இதயத்தைப் படியேற வைத்தால் துடிப்பு கூடும், தேவை கூடும், மிச்சமிருக்கிற தசைக்கும் போதாமல் போகும், துடிப்பின் ஒழுங்கே குலைந்து அப்படியே விழலாம். ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். உட்கார வைத்தபடி நாற்காலியோடு தூக்குங்கள், கம்பளியில் போட்டுத் தூக்குங்கள், நாலு பேர் இல்லாத லயம் எங்கே இருக்கிறது?

இன்னும் இரண்டு விடயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நமக்கு. தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்பு குறைந்தால் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் குறையும், ஈமோகுளோபின் குறைந்தால் அதே ஒட்சிசனைக் கொண்டுசேர்க்க இதயம் கூடுதலாக ஓட வேண்டும். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. தேயிலை நம் சோறு, அதைக் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வேனா? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், அவ்வளவுதான்.

மற்றது பிள்ளைகள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற லயத்தில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அதில் ஒருவகைக் கிருமிக்குச் சரியாக மருந்து எடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும், இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று மாறி மாறி. கிருமியோடு சண்டை போட உண்டான எதிர்பொருள் இதயத்தின் வால்வையும் தாக்குவதால் வருகிற வாதக் காய்ச்சல் அது. மூட்டு தானாக ஆறிவிடும், வால்வு ஆறாது, தடித்து ஒட்டிக்கொள்ளும். பல வருடம் கழித்து முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு விட முடியாமல் வந்து நிற்கிற பெண்களில் சிலரின் கதை இப்படித் தொடங்கியதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருடக்கணக்காகப் பெனிசிலின் ஊசி போடச் சொல்வார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே, பஸ் காசு வேறு என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு தடவையாவது இதயத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அந்த இரண்டு நாடிகளையும் சிவப்பில் காட்டி, கீழே 1990 என்று தடித்த எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்து லயத்துச் சுவரில் ஒட்ட நாங்கள் இருக்கிறோம். தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நோயாளியைத் தூக்குகிற ஸ்ட்ரெச்சர் நல்லதாக ஒன்று இருக்கிறது, டிஸ்பென்சரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், மாலை ஐந்து மணிக்குப் பிறகு சாவி யாரிடம் என்று எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு டிவிஷனிலும் அப்படி ஒன்றை லயத்துப் பக்கத்திலேயே, பூட்டில்லாத இடத்தில் வைக்க முடியுமா, முடியாதா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
நோர்வூட்.